கப்பலில் எந்தப் பந்தி?

அத்தியாயம் 5

இடுப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் வேறு யாருடையதோ என்று தோன்றியது கன்னியப்பனுக்கு. வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வரை இசைவாணியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கன்டெய்னர் லாரிகள் உழுது போட்ட ரோடு. அதிலும் இருபத்திரண்டு வருஷம் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் நின்று தேய்ந்த இடுப்பு. மத்தியானச் சாப்பாடு வேறு இல்லை. வயிறு ஸ்ரீபெரும்புதூர் திரும்புகிற இடத்திலேயே கத்த ஆரம்பித்திருந்தது.

"எறங்குண்ணா. கம்பெனி வந்துடுச்சி," என்றாள் இசைவாணி.

"எறங்கிட்டேன். காலு ரெண்டும் இன்னும் வண்டி மேலதான் கீது. அதையும் எடுத்துக்குடு."

கன்னியப்பனின் இடது கையில் மூன்று விரல்கள். மற்ற இரண்டையும் பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது. விரல் போனவனை ஸ்டோர்ஸ் காவலுக்குப் போட்டார்கள். அங்கே மூன்று மாதத்தில் பித்தளை திருடிய மேனேஜரைப் பிடித்தார். மேனேஜர் போனார், அவரைப் பிடித்த கன்னியப்பனும் போனார். அதற்குப் பிறகுதான் பஞ்சர் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம். இசைவாணி பிள்ளைப்பாக்கத்துப் பெண். வாய் நீளம் என்று மூன்று கம்பெனிகள் அவள் சீட்டைக் கிழித்தன. அந்த வாய்க்காகவே நாலாவதாக இவர் சேர்த்துக்கொண்டார்.

எச்.ஆர். மேனேஜர் வெங்கடேசனின் அறையில் ஏசி இருந்தது, டீ இல்லை.

"ரெண்டு நாளா தேடறோம் சார். இத்தனூண்டு டப்பா." தீப்பெட்டி அளவைக் கையால் காட்டினார். "சிவப்பு டப்பா. உள்ள மாஸ்டர் பீஸ். நாங்க செய்யற பிரேக் வால்வு சரியான அளவுல இருக்கான்னு செக்கிங் மெஷின் சொல்லும். அந்த மெஷின் சரியாச் சொல்லுதான்னு மாஸ்டர் பீஸ் சொல்லும்."

"வாத்தியாருக்கு வாத்தியார்," என்றாள் இசைவாணி.

"திங்கக்கிழமை கஸ்டமர் ஆடிட். மாஸ்டர் இல்லன்னா லைனை மூடிடுவாங்க. எனக்கு டப்பா வேணும். அவ்ளோதான்."

"எடுத்தது யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களே," என்றார் கன்னியப்பன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்து.

வெளியே பெஞ்சில் ஒரு பெண். பெயர் கவியா, நாங்குநேரிப் பக்கம், இருபத்திரண்டு வயது. ஊசி போல ஒல்லி, இரண்டு பக்கமும் மூக்குத்தி. மடியில் ஒரு தாள், தாளின் மேல் ஒரு பேனா. 'நான்தான் எடுத்தேன்' என்று டைப் அடித்த தாள். ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போடாவிட்டால் போலீஸ். இரண்டில் எதுவானாலும் இனி ஒரகடத்தில் எந்தக் கேட்டும் அவளுக்குத் திறக்காது. ஒரு கம்பெனி வாட்ஸப்பில் வருகிற பெயர் அடுத்த ஷிப்டுக்குள் பத்துக் கம்பெனிக்குப் போய்விடும். எட்டு மாதமாகப் பெர்மனென்ட் ஆவதற்குக் காத்திருந்தவள் அவள்.

மணி மூன்றரை.

"சாட்சி?"

"குவாலிட்டி இன்ஜினியர் தணிகாசலம். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு பத்துக்கு ஆறாவது மேஜையில கவியா நின்னிருக்கா. டப்பா மேஜை மேல இருந்திருக்கு. 'கவியா, எல்லாம் ஓகேவா'ன்னு கேட்டிருக்கார். தலையாட்டியிருக்கா. ஏழே முக்காலுக்குத் திரும்பப் போனா டப்பா இல்ல."

"ஏழு மணி சாப்பாட்டு நேரமாச்சே?"

"லைன் நிக்காது சார். ரெண்டு பந்தியா அனுப்புவோம். ஒத்தைப்படை மேஜைக்கு ஏழு மணி முதல் பந்தி. ரெட்டைப்படைக்கு ஏழு நாப்பது. ஒருத்தி சாப்பிடப் போனா பக்கத்து மேஜைக்காரி ரெண்டையும் பாத்துக்கணும். கவியா ஆறாம் மேஜை. ரெண்டாம் பந்தியிலதான் அவ கார்டு பதிவாயிருக்கு. ஏழு நாப்பத்திரண்டு. அப்ப ஏழு பத்துக்கு லைன்லதானே இருந்திருக்கணும்?"

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. 'நான் எடுக்கல'. அதுக்கு மேல வாயே தொறக்கல."

"வேற யாரையும் கை காட்டலயா?"

"இல்ல."

கன்னியப்பனுக்கு அது உறுத்தியது. மாட்டிக்கொண்டவள் பக்கத்தில் இருப்பவளையாவது இழுத்துவிடுவாள். இவள் எதையோ மூடிக்கொண்டிருக்கிறாள், டப்பாவை அல்ல.

பசியில் கண் தானாகச் சாப்பாடு என்ற சொல்லைத் தேடியது. சுவரில் கிடைத்தது. 'சிறந்த லைன் விருது. சி லைன் பன்னிரண்டு பேருக்கும் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் பயணம், இரண்டு இரவுகள்.' கீழே பட்டியல். மேஜை எண், பெயர், சைவமா அசைவமா. கடைசிக் கட்டத்தில்: இரவுச் சாப்பாடு, முதல் பந்தி 6.30, இரண்டாம் பந்தி 8.45. ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு டிக்.

"கப்பல்லயும் பந்தியா?" என்றாள் இசைவாணி. "கல்யாண மண்டபத்தத் தண்ணில எறக்கி வுட்டாப்ல. நானாயிருந்தா ரெண்டு பந்திக்கும் டிக் அடிச்சிருப்பேன்."

கன்னியப்பன் பட்டியலில் விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடி மேலே போனார்.

"சாப்பாட்டு லிஸ்ட்டுன்னா இவரு இப்டித்தான் சார்," என்றாள் அவள் வெங்கடேசனிடம். "ஓட்டல்ல சர்வர் வூட்டுக்குப் போய்டுவான், இவரு இன்னும் படிச்சிகினு இருப்பாரு."

"இது எப்ப எழுதினது?"

"புதன்கிழமை. அவங்கவங்களே டிக் பண்ணாங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

"கேன்டீன் எந்தப் பக்கம்?" என்றார் கன்னியப்பன்.

வராந்தாவில் வேகமாக நடந்தார். இடுப்பு வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"கப்பல்ல லைன் ஓடுதா இசை?"

"ஓடாது."

"பக்கத்து மேஜைய யாராச்சும் பாத்துக்கணுமா?"

"கடலைத்தான் பாத்துக்கணும்."

"ஆனா ஒண்ணாம் மேஜை மொதப் பந்தின்னு போட்டிருக்கு. ரெண்டாம் மேஜை ரெண்டாம் பந்தி. மூணு மொதப் பந்தி. நாலு ரெண்டாம் பந்தி. கேன்டீன்ல எப்டியோ அப்டியே. வருஷக்கணக்கா பக்கம் பக்கமா நிக்குதுங்க, ஒருநாள் ஒண்ணாக் குந்தி சாப்ட்டதில்ல. இப்ப சான்ஸ் வந்தும் ஒரு ஜோடிகூட ஒரே பந்தின்னு போடல. கப்பல்லயும் யாராவது ஒருத்தி நின்னுகினே இருக்கணும்னு ஒடம்பு நெனைக்குது."

"பாவம்ணா," என்றாள்.

"பத்து பேரு அப்டி. அஞ்சும் ஆறும் மட்டும் தலைகீழ. அஞ்சாம் மேஜை மதிவதனி, கேன்டீன்ல மொதப் பந்தி, கப்பல்ல ரெண்டாவது. ஆறாம் மேஜை கவியா, கேன்டீன்ல ரெண்டாவது, கப்பல்ல மொதல்."

"அவங்களுக்காச்சும் மாத்தணும்னு தோணிச்சே."

"ஒருத்தி மாத்தினா ஆசை. ரெண்டு பேரும் ஒண்ணா மாத்தினா அது பழக்கம்."

இசைவாணி நின்றுவிட்டாள். "கார்டை மாத்திக்கினு துன்றாங்க!"

"அதைத்தான் கேக்கப் போறோம். அப்டியே எனக்கும் எதாவது கெடைக்குதா பாப்போம்."

கேன்டீனில் அண்டா கழுவிக்கொண்டிருந்தவள் முனியம்மாள், சேரப்பணஞ்சேரிக்காரி. கன்னியப்பனின் முகத்தைப் பார்த்ததும் அவர் கேட்க வந்ததை விட்டுவிட்டு ஒரு தட்டில் சோறு போட்டு மோரை ஊற்றினாள்.

"மொதல்ல துன்னு. அப்புறம் விசாரணை பண்ணுவ."

நாலு வாய் உள்ளே போன பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது. "ஆறாம் மேஜைப் பொண்ணு எந்தப் பந்தியில சாப்டும்?"

"கார்டை மெஷின் பாக்கும். அதாண்ட கேளு."

"மெஷினாண்ட கேட்டாச்சி. அது சோறு போடல."

முனியம்மாள் சிரித்தாள். "லைன்ல எல்லாம் குல்லா, மாஸ்க்கு, கோட்டு. முட்டைங்க மாரி நிக்கும்ங்க. இங்க வந்தாத்தான் மூக்கு வாயி தெரியும். ரெண்டு மூக்குத்தி போட்ட எலும்பிதானே? டெய்லி மொதப் பந்தி. வியாழக்கிழமகூட சாம்பார்ல கத்திரிக்காயப் பொறுக்கி ஓரமா வெச்சிச்சி. திட்டினேன்."

"மேனேஜராண்ட சொன்னியா?"

"என்னை எவன் கேட்டான்?"

"சொன்னாலும் கார்டா இந்தம்மாவான்னு வந்தா அவரு கார்டைத்தான் நம்புவாரு," என்றாள் இசைவாணி.

"இன்னொண்ணு. தணிகாசலம் சார் இங்க சாப்டுவாரா?"

"ஆபீசருங்களுக்கு மாடில தனி ரூமு. அந்தாளு இந்தப் படி எறங்கி நான் பாத்ததில்ல."

கன்னியப்பன் தட்டை வழித்தார். "கேட்டுக்கினியா இசை? அந்தாளு இதுங்க மூஞ்சியப் பாத்ததே இல்ல."

டீ பிரேக் பத்து நிமிஷம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மதிவதனியைப் பிடித்தார்கள். கவியாவின் அறைத்தோழி. இருபத்தாறு வயதிருக்கும். கன்னியப்பன் பட்டியலைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவள் கையில் இருந்த டீ ஆறிக்கொண்டு வந்தது.

"கவியாட்ட கேட்டியளா, அண்ணாச்சி?"

"கேட்டேன். 'கையெழுத்துப் போட்டுருதேன், விட்ருங்க'ன்னு அழுவுது. நீ இன்னாம்மா சொல்ற?"

மதிவதனி இரண்டு பக்கமும் பார்த்தாள். "எனக்குப் பிள்ள இருக்கு அண்ணாச்சி. மூணு வயசு. சங்கரன்கோயில்ல எங்கம்மாட்ட இருக்கா. ஹாஸ்டல்ல கல்யாணம் ஆகாத பிள்ளைகளத்தான் சேப்பாவ. ஆகலன்னு எழுதிக் குடுத்துத்தான் வந்தேன். வீட்ல ஒரே போனு, அதைத் தம்பி வேலைக்குக் கொண்டு போயிருவான். ஏழரைக்குத்தான் வருவான். எட்டு மணிக்குப் பிள்ள தூங்கிரும். ரெண்டாம் பந்தியில போனாத்தான் வீடியோல அவ மொகத்தப் பாக்க முடியும்."

"பந்தி மாத்திக் குடுங்கன்னு கேக்கலாமே?" என்றாள் இசைவாணி.

"ஏன்னு கேப்பாவளே? அதான் கவியா கார்டை மாத்திக்கிட்டா. பந்தி மாறிப் போனா மெஷின்ல சிவப்பு லைட்டு எரியும்."

"வியாழக்கிழமை ஏழு பத்துக்கு ஆறாம் மேஜையில நின்னது நீ."

"ரெண்டு மேஜையையும் பாத்துக்கிட்டு இருந்தேன். தணிகாசலம் சார் வந்தாவ. 'கவியா, மாஸ்டரக் குடு, செக் பண்ணணும்'னாவ. குடுத்தேன். பேரத் திருத்தல அண்ணாச்சி. திருத்துனா நான் யாருன்னு சொல்லணும்லா? நைட்டு கவியாட்டச் சொன்னேன். 'நீ வாயத் தொறக்காத, ஒனக்குப் பிள்ள இருக்கு'ன்னுட்டா."

மணி அடித்தது. டீயைக் கொட்டிவிட்டு மாஸ்க்கை மாட்டினாள். கண் மட்டும் இவரைப் பார்த்தது.

"உன் பேரு வெளிய வராது. நான் பாத்துக்கறேன்," என்றார் கன்னியப்பன்.

அவள் போன பிறகு இசைவாணி சொன்னாள்: "கைல இல்லாத சரக்க விக்கறியே அண்ணா."

"வழி இருக்கு. உனக்கு கோட்டு போட்டுப் பழக்கம்தானே?"

ஐந்தே முக்கால். சி லைனில் பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு குல்லா. கன்னியப்பன், வெங்கடேசன், நடுவில் தணிகாசலம். நாற்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை.

"அஞ்சு நிமிஷம் வேலை சார்," என்றார் கன்னியப்பன். "கவியாவ மேஜையில நிக்க வெச்சிருக்கேன். அன்னிக்கி எந்த எடத்துலேர்ந்து பாத்தீங்கன்னு மட்டும் காட்டுங்க."

தணிகாசலம் ஆறாம் மேஜைக்கு நேராகப் போய் நின்றார். "இங்கேருந்துதான். ரெண்டடி தூரம்."

"கவியாதானே? வேற யாரோன்னு குழப்பம் வராதே?"

"எட்டு மாசமா பாக்கறேன் சார். அந்தக் கண்ணைப் பாருங்க. திருட்டு முழி."

ஆறாம் மேஜை குல்லாவைக் கழற்றியது. மாஸ்க்கை இறக்கியது.

"இந்த முழிக்கு எங்க வூட்ல திருஷ்டி சுத்திப் போடுவாங்க சார்," என்றாள் இசைவாணி. "அந்தப் பொண்ணு ஊசி, நான் பூரி. கோட்டுல மூணு பட்டன் போட முடியல. எட்டு மாசமா பாக்கறாராம்!"

பக்கத்து மேஜைகளில் மாஸ்க்குகளுக்குள் சிரிப்பு குலுங்கியது. தணிகாசலத்தின் கழுத்து சிவந்தது. ஆள் விழுந்துவிடுவான் என்று கன்னியப்பன் நினைத்தார். விழவில்லை.

"சரி," என்றார் தணிகாசலம் நிதானமாக. "மாஸ்க் போட்டா யாருக்கும்தான் தெரியாது. அது கவியா இல்லன்னே வெச்சுக்குவோம். அப்ப யாரு? அவதான் டப்பாவ எடுத்திருக்கணும். கேளுங்க சார், துப்பறியறவரை."

வெங்கடேசன் திரும்பினார். "நியாயம்தானே? ஏழு பத்துக்கு இங்க நின்னது யாரு மிஸ்டர் கன்னியப்பன்? உங்களுக்குத் தெரியும்போல இருக்கே."

தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. முகமூடி கழன்றதும் திருடன் உளறுவான் என்று கணக்குப் போட்டவர், உளறாவிட்டால் என்ன என்று போடவில்லை. இந்த இரண்டு நாளில் தணிகாசலம் அதைப் போட்டு வைத்திருந்தார்.

"சொல்ல முடியாது," என்றார் கன்னியப்பன்.

"அப்ப ஆறு மணிக்குக் கவியா கையெழுத்துப் போடட்டும்," என்றார் வெங்கடேசன்.

ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். வால்வில் குறை கண்டால் அதை இழுக்க வேண்டும், மொத்த லைனும் நிற்கும். நின்ற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் இழுத்தவள் பதில் சொல்ல வேண்டும் என்பதால் யாரும் இழுப்பதில்லை. குறை இருந்தாலும் இழுப்பதில்லை.

ஐந்தாம் மேஜையில் ஒரு கை மேலே போனது. இழுத்தது.

சைரன் ஒரு தடவை ஊளையிட்டது. பெல்ட் நின்றது. பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள்.

மதிவதனி மாஸ்க்கைக் கழற்றினாள். "நாந்தான் நின்னேன் சார். டப்பாவ இந்த சார்தான் வாங்கிட்டுப் போனாவ. கவியா அப்பம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. கேன்டீன் அம்மாட்ட கேளுங்க. நாங்க கார்டை மாத்திக்கிட்டோம். ஏன் மாத்துனோம்னும் சொல்லுதேன்."

சொன்னாள். குழந்தையின் வயது வரைக்கும் சொன்னாள். சொல்லும்போது ஒரு இடத்திலும் குரல் உடையவில்லை. ஷிப்டுக் கணக்கு ஒப்பிப்பதுபோல் இருந்தது.

தணிகாசலம் வாயைத் திறந்தார்.

"சார், நீங்க பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றார் கன்னியப்பன். "கேட்ல எல்லாரையும் டிடெக்டர் வெச்சுத் தடவறாங்க. இரும்பு வெளிய போவாது. உள்ளதான் கீது. அளவுக் கருவிங்க வெக்கற உங்க கேஜ் ரூம்ல சிவப்பு டப்பா எத்தினி?"

"இருநூறு," என்றார் வெங்கடேசன் மெதுவாக. "அங்க மட்டும் நாங்க தேடல. சாவி அவர்கிட்ட."

தணிகாசலம் சாவியைக் கொடுத்தார். நூற்று எழுபத்தோராவது டப்பாவில் கிடைத்தது. மாஸ்டர் பீஸின் ஒரு ஓரம் நசுங்கியிருந்தது. போன மாதம் தன் கையிலிருந்துதான் விழுந்தது என்று தணிகாசலம் ஒப்புக்கொண்டார். விழுந்ததைச் சொல்லாமல், அதை வைத்தே ஒரு மாதம் முழுக்க 'சரி' என்று கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறார். ஆடிட்டில் அளந்தால் வேலை போகும். காணாமல் போனால் வேறு ஒருத்தியின் வேலைதான் போகும்.

ஆறரைக்கு இசைவாணி பெஞ்சிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். "சீட்டுக் கிழிக்கறது இவ்ளோ சொகமா கீதா? இத்தினி நாள் கம்பெனிக்காரனுங்களே அனுபவிச்சிட்டானுங்க."

கவியா அவளைப் பார்க்கவில்லை. மதிவதனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெங்கடேசன் கன்னியப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதே மூச்சில் மதிவதனி பக்கம் திரும்பினார். "நீ உண்மையச் சொன்னது நல்லது. வேலையைப் பத்தித் திங்கக்கிழமை பேசலாம். ஆனா ஹாஸ்டல் ரூல் ரூல்தாம்மா. நாளைக்குக் காலையில ரூமைக் காலி பண்ணிடு."

"அப்பம் நானும் போறேன் சார்," என்று எழுந்தாள் கவியா.

"சும்மா கெட," என்றாள் மதிவதனி. "ரெண்டு பேரும் தெருவுல நின்னா ஆருக்குச் சொகம்? போயி கோட்டைப் போடு."

கவியா கோட்டை வாங்கிக்கொண்டு போனாள். கன்னியப்பன் மதிவதனியின் பக்கத்தில் போய் நின்றார்.

"நீங்க சொல்லலையே அண்ணாச்சி," என்றாள் அவள். "நானாத்தானே சொன்னேன்."

"உன்ன அங்க கொண்டாந்து நிறுத்தினது நான்மா."

அவள் அதை மறுக்கவில்லை. மணியைப் பார்த்துவிட்டு ஐந்தாம் மேஜைக்குப் போனாள். பெல்ட் மறுபடி ஓட ஆரம்பித்தது.

வெளியே இசைவாணி வண்டியை உதைத்தாள். "வூட்டுக்குத்தானேண்ணா?"

"இல்ல. இங்க பக்கத்துல கீற பண்ருட்டிக்கு வுடு. அப்புறம் படப்பை. வாடகைக்குன்னு போர்டு தொங்கற எல்லா வூட்லயும் நிறுத்து."

ஏழு வீட்டில் நிறுத்தினார்கள். தனியாக இருக்கும் பெண்ணா என்று கேட்டுக் கதவைச் சாத்தியவை நாலு. குழந்தை உண்டா, புருஷன் எங்கே என்று கேட்டுச் சாத்தியவை மூன்று. கடைகளை மூடத் தொடங்கியபோது கன்னியப்பன் திரும்பலாம் என்றார்.

டப்பா கிடைத்தது. கவியா மேஜைக்குத் திரும்பினாள். மதிவதனிக்கு அவர் ஓர் அறை கடன்பட்டிருந்தார். எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக் குடிபோகக்கூடிய ஓர் அறை. அது பாக்கி.